லெஃபானுவா என்றொரு கேப்டன்

வலது தோளுக்குள் யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்ததுபோல் இருந்தது. மலாக்கி கையைத் தூக்கிப் பார்த்தான். காது மட்டத்துக்கு மேல் போகவில்லை. குளிரறையில் கல்லாய் உறைந்து கிடக்கும் சூரை மீன்களைக் கொக்கி போட்டு இழுத்து வண்டியில் ஏற்றும் வேலை. ஐம்பத்தொன்பது வயதில் அந்த வேலையில் நிற்பவன் அந்த மீன் தொழிற்சாலையில் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் செத்துவிட்டார்கள், அல்லது கலிபோர்னியாவில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

"என்ன கேப்டன், மீனெல்லாம் சல்யூட் அடிக்க மாட்டேங்குதா?" என்று அடுத்த வண்டிக்காரன் பிலி கேட்டான்.

"அடிச்சுச்சு. எனக்குத்தான் திருப்பி அடிக்கக் கை வரல."

எல்லோரும் சிரித்தார்கள். மலாக்கியும் சிரித்தான். கேப்டன் என்பது கேலிப் பெயர் இல்லை. அவன் நிஜமாகவே கேப்டன். வார நாட்களில் மீன், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் படைப் பயிற்சி, வருடத்துக்கு ஒருமுறை ஹவாயில் முகாம் என்று இருபது வருடம் ஓட்டியவன். தொழிற்சாலையில் அவனை அதட்டிய மேஸ்திரிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் விறைத்து நின்றிருக்கிறார்கள். திங்கட்கிழமை அதற்கும் சேர்த்து அதட்டுவார்கள்.

பஸ் பிடித்து வீடு வந்தபோது சினாவா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சில மாதங்களாக அவள் படுப்பதில்லை. கால்கள் ஈரப்பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தன. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே ஒன்றும் செய்ய முடியாது, ஹோனலூலு போய் அறுக்க வேண்டும். அரசாங்கச் செலவில் போகக் காத்திருப்பவர்களின் வரிசை நீளம். வரிசையில் நின்றவர்களில் பலரை மலாக்கி தோளில் சுமந்து புதைகுழிக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

வேறு ஒரு வழிதான் இருந்தது. ரிசர்வ் படையில் இருபது வருடம் முடித்தவனுக்கு அறுபது வயதில் பென்ஷன் வரும். பென்ஷனோடு வைத்திய அட்டையும் வரும், பெண்டாட்டிக்கும் சேர்த்து. அந்த அட்டை இருந்தால் சினாவா அடுத்த விமானத்தில் ஏறலாம். மலாக்கிக்கு அறுபது ஆகச் சில வாரங்களே இருந்தன.

சினாவா கண் திறந்தாள். "கிழவா, அந்த நாத்தத்தோட கிட்ட வராதே. மேஜை மேல கடுதாசி வந்திருக்கு, பாரு."

பட்டாளப் பதிவுகளைத் திருத்தும் வாரியத்திலிருந்து வந்திருந்தது. மலாக்கி நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

"என்ன சொல்றாங்க?"

"இல்லேங்கறாங்க."

"இல்லேங்கறதுக்கு இத்தனை பக்கமா?"

விஷயம் இதுதான். மலாக்கியின் கணக்கில் இருபது வருடம். பட்டாளத்தின் கணக்கில் பதினேழு. நடுவில் மூன்று வருடம் அவன் ஒரு பயிற்சிக்கும் வரவில்லை, காணாமல் போயிருந்தான் என்றது பதிவு. மேஜர் பதவி உயர்வுக்கு அவன் பெயர் போனபோது குழு அந்த ஓட்டையைப் பார்த்துத் தள்ளிவிட்டது. மறு வருடமும் தள்ளியது. இரண்டு முறை தள்ளப்பட்ட அதிகாரியைப் படை வைத்துக்கொள்ளாது. வீட்டுக்குப் போ என்றார்கள். இருபது முடித்தாயிற்று, மேஜர் ஆகாவிட்டால் போகிறது, அறுபதில் பென்ஷன் வரும் என்று மலாக்கியும் பேசாமல் வந்துவிட்டான். அறுபதை நெருங்கி விண்ணப்பம் போட்டபோதுதான் அவனுக்கு ஓட்டை தெரிந்தது.

அந்த மூன்று வருடமும் அவன் எங்கும் போகவில்லை. ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்தான். ஆனால் வந்தது லெஃபானுவா.

எங்கள் தீவில் குடும்பத்தின் தலைமைப் பட்டப் பெயரை ஏற்றவனுக்கு அன்றோடு பழைய பெயர் போய்விடும். அம்மாகூடப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மலாக்கிக்குக் குடும்பம் லெஃபானுவா என்ற பெயரைக் கொடுத்தது. பன்றிகள் வெட்டி, காவா என்ற வேர்ப்பானம் கலக்கி, மழையில் நனைந்துகொண்டு நடந்த பெரிய விழா. அடுத்த மாதப் பயிற்சியில் வருகைத்தாளில் அவன் லெஃபானுவா என்று எழுதினான். வேறு எப்படி எழுதுவான்? படையில் இருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் விழாவுக்கு வந்து சாப்பிட்டவர்கள். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. குமாஸ்தா அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து மாற்றலாகி வந்திருந்தான். புது ஆள் சேர்ந்திருக்கிறான் என்று புதுக் கோப்பு திறந்தான். எண் இருக்க வேண்டிய இடத்தை அப்புறம் நிரப்பலாம் என்று விட்டவன் நிரப்பவேயில்லை.

ஆகவே பட்டாளத்தில் லெஃபானுவா என்றொரு கேப்டன் உண்டு. எங்கிருந்து வந்தான் என்று தெரியாது, பிறந்த தேதி கிடையாது. மூன்று வருடம் நன்றாக வேலை செய்தான். மேலதிகாரி அவனைப் பாராட்டி, மேஜர் ஆகத் தகுந்தவன் என்று எழுதிவைத்திருக்கிறார். பிறகு மறைந்துவிட்டான். அவன் மறைந்த மாதமே மலாக்கி திரும்பி வந்தான்.

கூட இருந்த சார்ஜெண்டுகள் எழுதிக்கொடுத்த சாட்சியம் போதாது என்றது வாரியம். சம்பளம் போட்ட வங்கி தீவை விட்டே போய்விட்டது. பாராட்டி எழுதிய மேலதிகாரி செத்துவிட்டார். இருவரும் ஒருவரே என்பதற்கு, பட்டப் பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் சான்று வேண்டும் என்று எழுதியிருந்தது.

மறுநாள் மலாக்கி வேலைக்குப் போகாமல் தலைநகர் பாங்கோ பாங்கோவுக்குப் போனான். பதிவு அலுவலகத்தில் தெலேசியா என்ற பெண் இருந்தாள். அவள் பழைய கட்டுகளை எடுத்து வந்து புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஐயா, இதுல உங்க பேரு லெஃபானுவான்னு எங்கயும் இல்ல."

"மூணு வருஷம் இருந்தேன்மா."

"இருந்திருப்பீங்க. ஆனா நான் ஒருநாளும் லெஃபானுவா இல்லைன்னு நீங்களே சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. இதோ பாருங்க. உங்க கையெழுத்துத்தானே?"

அவனுடைய கையெழுத்துத்தான்.

அது அம்மா செத்த வாரம். அவனுடைய சித்தப்பா மகன் தாவிதா, விழாவே நடக்கவில்லை, முழுக் குடும்பமும் சம்மதிக்கவில்லை, பெயர் எனக்குத்தான் என்று வழக்குப் போட்டிருந்தான். அம்மாவின் சவப்பெட்டி வீட்டில் இருக்க, குடும்பம் இரண்டு பக்கமாக உட்கார்ந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழி வெட்ட ஆள் வரவில்லை. பாஸ்டர் நடுவில் வந்து மலாக்கியிடம், நீ விட்டுக்கொடு, உன் தாயை மண்ணுக்குள் வைக்க வேண்டும் என்றார். அவன் விட்டுக்கொடுத்தான். விலகுகிறேன் என்று எழுதினால் போதாது, அப்படி எழுதினால் ஒரு காலத்தில் பெயர் இவனிடம் இருந்ததாக ஆகிவிடும் என்று தாவிதாவின் வக்கீல் சொன்னார். ஒருநாளும் இருந்ததில்லை என்று எழுதச் சொன்னார். எழுதினான். அன்று மாலையே குழி வெட்டினார்கள்.

"இப்ப என்னம்மா செய்யறது?"

தெலேசியா குரலைத் தாழ்த்தினாள். "இப்ப பேரை வச்சிருக்கறவர் வந்து, விழா நடந்தது உண்மைதான், நான் சொன்னது பொய்னு சத்தியம் பண்ணணும். வேற வழியில்ல. ஆனா அவரு பண்ணுவாருன்னு எனக்குத் தோணல. பொய் சொல்லி வாங்கின பேருன்னு ஆயிடுச்சுன்னா, உங்க குடும்பத்துலயே மேற்குக் கிளைக்காரங்க இருக்காங்களே, மறுநாள் காலைல இந்தக் கதவைத் தட்டுவாங்க. வருஷா வருஷம் வந்து இந்தக் கட்டைப் புரட்டிட்டுத்தான் போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மலாக்கி சேம்பும், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலையும், ஒரு டின் மாட்டிறைச்சியும் எடுத்துக்கொண்டு தாவிதாவின் வீட்டுக்குப் போனான். குடும்பத் தலைவனின் பெரிய வீடு அது. தாவிதா தரையில் சம்மணமிட்டு விசிறிக்கொண்டிருந்தான். இப்போது அவன் லெஃபானுவா. பதினேழு வருடமாக லெஃபானுவா.

"வா உசோ," என்றான். சகோதரன் என்று அர்த்தம். நல்ல மனநிலையில்தான் இருந்தான். "என்ன, டின்னெல்லாம் வந்திருக்கு? கிழவிக்கு எப்படி இருக்கு?"

மலாக்கி எல்லாவற்றையும் சொன்னான். தாவிதாவின் விசிறி நின்றது.

"அதுக்கு நான் பொய்யன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"விழா நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு, போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான். நடக்கலன்னு பைபிள் மேல கை வச்சுச் சொன்னவன் நான்."

"பன்னியை வெட்டினவனே நீதானே, தாவிதா."

பட்டப் பெயர் வைத்திருப்பவனைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டது வீட்டுக்குள் அறை விழுந்ததுபோல் கேட்டது. சமையலறைப் பக்கத்தில் பேச்சு நின்றது.

"எந்திரி," என்றான் தாவிதா. "உன் டின்னை எடுத்துக்க. இந்தப் பேரை நம்பி நாப்பது தலை சாப்பிடுது. இந்த நிலம், இந்த வீடு, எல்லாம் பேரோட வந்தது. உன் பெண்டாட்டி ஒருத்திக்காக எல்லாரையும் ரோட்டுல நிறுத்தச் சொல்றியா?"

மலாக்கி எழுந்தான். தாவிதா சொன்னது உண்மை. டின்னை எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டான்.

அந்த வாரம் சினாவாவின் உதடு நீலம் பூத்தது. ஆஸ்பத்திரியில் நீரை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். டாக்டர் மலாக்கியை வெளியே அழைத்து, மறுபடி இப்படி வந்தால் திருப்பி அனுப்ப முடியுமா தெரியாது என்றார். அன்றைக்கே அரசாங்க வரிசையைப் பற்றி விசாரித்தான். இடம் நகர்ந்திருக்கிறது என்றார்கள். எப்படி என்று கேட்டான். முன்னால் இருந்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்தான். கல்யாணத்தில் சினாவாவின் குடும்பம் கொடுத்த தாழைமடல் பாய் அடியில் இருந்தது. துணிபோல மெல்லியது, ஓரத்தில் சிவப்பு இறகுகள். அதை விரித்துப் படுப்பது கிடையாது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் கைமாறும். இன்னொரு காரியத்துக்கும் உதவும். கொலை செய்தவனோ, பெண்ணைக் கெடுத்தவனோ விடியற்காலையில் அந்தப் பாயைப் போர்த்திக்கொண்டு எதிராளியின் வீட்டு முன்னால் மண்ணில் உட்காருவான். உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். கல்லால் அடித்தாலும் எழுந்திருக்கக் கூடாது.

சினாவா புரிந்துகொண்டாள். "யாரு செஞ்ச தப்புக்கு யாரு போய் மூடிக்கிறது? உனக்குப் பைத்தியமா?"

"வேற வழி ஒண்ணு சொல்லு."

"ஊரு என்ன சொல்லும்? இவன்தான் ஏதோ அக்கிரமம் பண்ணிருக்கான்னு சொல்லும். உன் பேரு நாறிப்போகும்."

"எனக்கு ஏது பேரு?" என்றான் மலாக்கி.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். போ என்றாளா, போகாதே என்றாளா என்று அவன் கேட்கவில்லை.

விடியும்போது அவன் தாவிதாவின் முற்றத்தில், சரளைக் கல்லின்மேல், பாயைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாய்க்குள் கற்பூரவில்லை நாற்றம் அடித்தது. முதலில் நாய் வந்து மோந்து பார்த்தது. பிறகு செருப்புச் சத்தங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கத்தி, யாரோ அதட்டி, அடங்கினார்கள்.

"யாரது?"

"மலாக்கி மாதிரி இருக்கு. அந்தத் தொழிற்சாலைச் செருப்பைப் பாரு."

"என்ன பண்ணினானாம்?"

"யாருக்குத் தெரியும். நல்லவன்னு நெனச்சோம்."

மழை வந்து அடித்துவிட்டுப் போனது. பாய் நனைந்து கனத்தது. அப்புறம் வெயில் ஏறியது. முழங்கால் மரத்து, பிறகு எரிந்து, பிறகு இல்லாமலே போனது. ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கையை ஊன்றி நிமிர்ந்தான். மறுபடி சாய்ந்தான். அவன் சினாவாவை நினைத்துக்கொண்டிருந்தான் என்று எழுதினால் பொய். தண்ணீரைத்தான் நினைத்தான்.

படிக்கட்டில் காலடி கேட்டது.

"எந்திரி, உசோ," என்றது தாவிதாவின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊரே மதில் மேல நிக்குது."

"நீ வந்து எடு."

"நீ எனக்கு என்ன செஞ்சே, நான் எடுக்கறதுக்கு? என்ன குத்தம்னு சொல்லிட்டுத்தானே இதைப் போர்த்தணும்? பாஸ்டர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

மலாக்கி நாக்கை உதட்டில் தடவினான். ஊருக்குக் கேட்கும்படி, பயிற்சி மைதானத்தில் கத்துவதுபோல் கத்தினான்.

"லெஃபானுவா! உன் பேர்ல மூணு வருஷம் பட்டாளத்துல இருந்தேன். அது குத்தம். மன்னிச்சுடு."

மதில் பக்கத்தில் நின்ற கிழவர்களில் பாதிப் பேர் அந்த விழாவில் மழையில் நனைந்தவர்கள். தாவிதா வெட்டிய பன்றியின் இடுப்புக்கறி யாருக்குப் போனது என்றுகூடச் சொல்லக்கூடியவர்கள். இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பாயை எடுத்தால் அந்த மூன்று வருடத்தைத் தாவிதா ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வெயில் உச்சிக்கு வந்தது. பிறகு பாயின் கனம் தலையிலிருந்து இறங்கியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தாவிதா நனைந்த பாயைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"நாய்ப் பயலே," என்றான் மெதுவாக. "இதுக்கு நீ என்னைக் கொன்னிருக்கலாம்."

"கை வரல," என்றான் மலாக்கி. எழுந்திருக்க முடியவில்லை. தாவிதாதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

அந்த வாரமே தாவிதா பாங்கோ பாங்கோ போய் தெலேசியாவின் மேஜைக்கு முன்னால் சத்தியம் செய்தான். விழா நடந்தது, மலாக்கி மூன்று வருடம் லெஃபானுவாவாக இருந்தான், நான் சொன்னது பொய். சான்று வாரியத்துக்குப் போனது. மேற்குக் கிளைக்காரர்கள் தெலேசியா சொன்னதைவிட ஒருநாள் தாமதமாகத்தான் வந்தார்கள்.

வாரியத்தின் பதில் வந்தபோது மலாக்கிக்கு அறுபது தாண்டியிருந்தது. மூன்று வருடம் சேர்க்கப்பட்டது, இருபது முழுமை, ஓய்வு பெற்றவராகக் கருதப்படுவார் என்று இருந்தது. மேஜர் பதவி உயர்வைப் பொறுத்தவரை, அந்த மூன்று வருட அறிக்கைகளைக் குழு பார்த்திருந்தாலும் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை, அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்றும் இருந்தது.

"கேப்டனாவே சாவு," என்றாள் சினாவா, நாற்காலியில் உட்கார்ந்தபடி. சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

அட்டை வந்ததும் அவளைச் சக்கர நாற்காலியில் விமானத்தில் ஏற்றினார்கள். ஹோனலூலுவில் அவள் தங்கை இருந்தாள். மலாக்கிக்கு டிக்கெட் எடுக்கக் கையில் இல்லை. அவன் குளிரறைக்குத் திரும்பினான். ஹோனலூலு டாக்டர்கள், ஏன் இவ்வளவு தாமதம், இதயம் பெருத்துவிட்டதே என்றார்களாம். இருந்தாலும் அறுக்கிறோம், பார்ப்போம் என்றார்களாம்.

நீதிமன்றம் லெஃபானுவா என்ற பெயரைத் தாவிதாவிடமிருந்து எடுத்தது. மேற்குக் கிளைக்கும் கொடுக்கவில்லை. குடும்பம் ஒருமனதாக ஒருவரைச் சொல்லும்வரை காலியாக இருக்கட்டும் என்றது. அந்தக் குடும்பம் ஒருமனதாக எதையும் சொன்னது கிடையாது. இவர்கள் காலத்தில் சொல்லப் போவதும் இல்லை. பெரிய வீட்டிலிருந்து யாரும் யாரையும் இன்னும் வெளியேற்றவில்லை. மேற்குக் கிளைக்காரர்கள் வந்து முற்றத்தில் நின்று அளந்துவிட்டுப் போகிறார்கள்.

சனிக்கிழமை ஊர்க்கூட்டம். பட்டப் பெயர் உள்ளவர்கள் வீட்டின் தூண்களில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பெயர் இல்லாதவர்கள் பின்னால், காவா கலக்கும் இடத்தில். மலாக்கி வழக்கம்போல் அங்கேதான் உட்கார்ந்து வேரை இடித்துக்கொண்டிருந்தான். தாவிதா வந்தான். தூண் பக்கம் பார்த்தான். பதினேழு வருடமாக அவன் முதுகு சாய்ந்த தூணில் யாரும் சாய்ந்திருக்கவில்லை. பிறகு குனிந்து, வேட்டியைப் போலச் சுற்றிய இடுப்புத்துணியை மடித்துக்கொண்டு, வாலிபப் பையன்களைத் தாண்டிப் பின்னால் வந்தான்.

"நகரு," என்றான்.

மலாக்கி நகர்ந்தான். தாவிதா இன்னொரு கல்லை எடுத்து வேரை இடிக்க ஆரம்பித்தான். பழக்கம் விட்டுப்போயிருந்தது. விரலில் இடித்துக்கொண்டான். முன்னால் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கிண்ணம் கொடுத்தார்கள். ஒரு பெயர் வர வேண்டிய இடத்தில் கூப்பிடுகிறவன் மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததற்குப் போனான்.

"கிழவிக்கு எப்படி இருக்கு?" என்றான் தாவிதா, தலை நிமிராமல்.

"திங்கக்கிழமை அறுக்கிறாங்களாம்."

"பிழைப்பாளா?"

"சொல்ல மாட்டேங்கறாங்க."

இருவரும் கொஞ்ச நேரம் இடித்தார்கள்.

"உனக்கு நான் ஒண்ணு தரணும்," என்றான் மலாக்கி.

"பாயா? அதுதான் அன்னிக்கே எங்கிட்ட வந்துடுச்சே."

"பாய் இல்ல. பேரு. உனக்கு ஒரு பேரு கடன்பட்டிருக்கேன்."

தாவிதா கல்லைக் கீழே வைத்தான். இல்லை, விடு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வான் என்று மலாக்கி ஒரு நிமிடம் காத்திருந்தான்.

"ஆமா," என்றான் தாவிதா. "பட்டிருக்கே."